இடது கால் அளவு

திருமானூர்
18.11.2023

தம்பி திருமுருகனுக்கு,

அக்கா சிந்தாமணி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, கமலி, என் மாமியார், மாடு இரண்டு, எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். சௌக்கியமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்னோடு ஓமனில் வேலை செய்கிற பஞ்சநாதனின் மனைவி ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். "காரு மேல என்னமோ வுழுந்துருச்சாம்க்கா. கால்ல அடியாம். ஆசுபத்திரியில இருக்காராம்" என்று சொல்லி அழுதாள். என்ன விழுந்தது, எந்தக் கால், எவ்வளவு அடி, ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. அழ மட்டும் தெரிந்திருந்தது.

ஏன் இவள் போன் செய்யாமல் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன வருடம் ஆவணி. கமலிக்குக் காதுகுத்து. காத்தாயி அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்து, தாய்மாமன் மடிக்காக அத்தனை சனமும் காத்திருந்தது. தாய்மாமன் திருச்சி ஏர்போர்ட்டில் இருந்தான். சித்தப்பா மகன் கண்ணையன் மடியில் வைத்து முடித்துவிடலாம் என்றார்கள். என் பிள்ளைக்கு என் கூடப்பிறந்தவன் மடிதான் என்று நான் கமலியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். போகும்போது அம்மன் முன்னால் சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைத்தேன். "இனிமே அவங்கிட்ட ஒத்த வார்த்த பேசமாட்டேன் ஆத்தா!"

அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது. நாம் இரண்டு பேரும் அதே வாசலில் நின்று மறுபடி சூடம் ஏற்றினால்தான் அது விலகும் என்று பூசாரி சொல்லிவிட்டார். போன் என்றால் பேச்சு. வாட்ஸ்அப்பும் பேச்சுதான், நீ குரலை அனுப்புவாய். எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை.

அடுத்த ஆவணியில் கமலிக்கு மூன்று வயது முடிகிறது. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவோம். இதை விட்டால் ஐந்து. அதுவரைக்கும் பிள்ளையைக் குத்தாத காதோடு வைத்திருக்க மாமியார் விடமாட்டார். ஆகவே எனக்கு மடி வேண்டும். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது.

ஆத்திரத்தோடு,
சிந்தாமணி


சோகார் ஆஸ்பத்திரி, ஓமன்
6.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி திருமுருகன் வணக்கம். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல். கமலிக்கு முத்தம். உன் கடிதம் பதினைந்து நாளில் வந்தது. வார்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள், இந்தக் காலத்தில் கடிதமா என்று. "எங்க அக்கா பேசமாட்டாங்க, ஆனா திட்டுவாங்க" என்று மலையாள நர்சிடம் சொன்னேன்.

விழுந்தது லாரிச் சக்கரம். நம்ப மாட்டாய், ஆனால் அதுதான் நடந்தது. பட்டப்பகலில் இன்ஜினீயரை சைட்டில் இறக்கிவிட்டுக் காலிக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்க ரோட்டில் போன டிரெய்லரிலிருந்து ஒரு சக்கரம் கழன்றது. நடுவிலிருந்த தடுப்பில் மோதி எகிறி, நேராக என் காரின் முன்பக்கத்தில் வந்து இறங்கியது. அவ்வளவு அகல ரோட்டில் அதற்கு நான் ஒருவன்தான் கிடைத்தேன்.

ரெட்டிபாளையத்தில் ஏழு வருடம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேனே அக்கா, ஒரு நாளாவது சக்கர நட்டைத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுத்திருப்பேனா? டீ குடிக்கக்கூட மறந்திருக்கிறேன், அதை மறந்ததில்லை. இங்கே எவனோ முடுக்காமல் விட்ட நட்டு என் காலில் வந்து முடிந்தது. வலியைவிட அந்த ஆத்திரம்தான் தாங்க முடியவில்லை.

வலது கால். அடி கொஞ்சம் பலம்தான். ஆபரேஷன் முடிந்தது. டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நான் செய்தது தப்பு. விசா அந்தத் தேதிக்குத்தான் வந்தது. சொன்னால் நீ விடமாட்டாய் என்று சொல்லாமல் ஏறிவிட்டேன். அடுத்த ஆவணிக்கு மடி வரும். நடந்து வரும். யாரும் தள்ளிக்கொண்டு வர மாட்டார்கள்.

உன் தம்பி,
திருமுருகன்


திருமானூர்
29.12.2023

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மழைக்குப் பிறகு எல்லோருக்கும் சளி. மற்றபடி குறைவில்லை. 'கொஞ்சம் பலம்' என்று எழுதியிருக்கிறாய். அது கொஞ்சமா, பலமா? இரண்டில் ஒன்றை எழுதக் கூடாதா? அம்மா போனதிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ முழுங்குகிற எச்சில் எனக்குத் தெரியும்.

உனக்கு வந்ததைவிட, எவனோ ஒருவன் சோம்பேறித்தனத்தால் வந்தது என்பதுதான் எனக்கும் ஆறவில்லை. அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும், அவனோடு பேசமாட்டேன் என்று நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

மாமியார் இப்போதே தொடங்கிவிட்டார். "கால்ல அடிபட்டு கெடக்குற மாமன் மடியில எப்புடிடீ புள்ளய வைக்கிறது? கண்ணையன் இருக்கான்ல?" என்கிறார். காதில் வாங்காத மாதிரி தவிடு கலக்கப் போய்விட்டேன்.

காதுகுத்துக்கு உனக்கு வேட்டி, சட்டை உன் மாமா எடுக்கிறார். செருப்பு நான் எடுக்கிறேன். லாரி ஓட்டும்போது போட்டிருப்பாயே, அந்த மாதிரி டயர் செருப்பு. அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தைக்கிறவர் இன்னும் இருக்கிறார். கால் அளவு இல்லாமல் தைக்க மாட்டேன் என்கிறார். வெள்ளைத் தாளில் இரண்டு காலையும் ஊன்றி வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே. மருந்தைத் தூக்கி எறியாதே.

சிந்தாமணி


சோகார்
25.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சளி போய்விட்டதா? எனக்கு இப்போது வலி குறைவு. ஆஸ்பத்திரியை விட்டு ரூமுக்கு வந்துவிட்டேன். பஞ்சநாதன் அண்ணன் சமைக்கிறார். ரசம் என்று ஒன்று வைக்கிறார், அதைக் குடித்தால் எந்த நோயாளியும் பயந்து எழுந்து நடப்பான்.

கால் அளவு இத்துடன் இருக்கிறது. இடது காலை மட்டும் வரைந்திருக்கிறேன். வலதில் இன்னும் கட்டு இருப்பதால் ஊன்ற முடியவில்லை. பரவாயில்லை, இடது அளவிலேயே இரண்டையும் தைக்கச் சொல். சரியாக இருக்கும்.

அத்தை சொல்வதற்கெல்லாம் சண்டைக்குப் போகாதே. அவர்களும் பிள்ளை நல்லதற்குத்தான் சொல்கிறார்கள்.

கம்பெனியில் ஊருக்கு அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். இந்த நிலையில் விமானம் ஏற மாட்டேன், காலை ஊன்றி நடந்த பிறகுதான் போவேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜருக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம்.

திருமுருகன்


திருமானூர்
10.3.2024

அன்புள்ள தம்பி திருமுருகனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமாக இரு.

கால் அளவு கிடைத்தது. செருப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

கமலி நன்றாகப் பேசுகிறாள். உன் போட்டோவைக் காட்டினால் "மாமா மடி" என்கிறாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பஞ்சநாதனுக்கு என் நன்றியைச் சொல்.

அன்புடன்,
அக்கா


சோகார்
2.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என்ன ஆயிற்று உனக்கு? ஒரு மாதம் பதிலே இல்லை. வந்த கடிதத்தில் ஒரு திட்டு இல்லை. 'அன்புடன்' என்று வேறு போட்டிருக்கிறாய். பஞ்சநாதன் அண்ணனிடம் காட்டினேன். "தங்கச்சிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ" என்று அவரும் பயந்துவிட்டார். உண்மையைச் சொல், காய்ச்சலா?

நான் நடக்கப் பழகுகிறேன். இரண்டு கம்பிக்கு நடுவில் போய்விட்டுத் திரும்ப வேண்டும். பயிற்சி கொடுக்கிற பிலிப்பைன்ஸ் அம்மா என் தோள் உயரம்கூட இல்லை, ஆனால் அதட்டலில் உனக்கு அக்கா. பத்து நடை போதும் என்றால் நான் இருபது போகிறேன். முதல் வாரம் விழுந்த கணக்கை நான் வைக்கவில்லை. போன வாரம் விழவே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். கமலி இப்போது எத்தனை கிலோ இருப்பாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரொம்ப யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒருவேளை என்னால் முடியாமல் போனால் கண்ணையனை உட்கார வை. அவனும் மாமன் முறைதானே. அத்தனை பேர் முன்னால் ஏதாவது குறையாகப் போய், பின்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னால்தான் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சை நீ கேட்கும்படி ஆகக் கூடாது.

திருமுருகன்


திருமானூர்
22.4.2024

டேய் திருமுருகா,

காய்ச்சலும் இல்லை, கழிச்சலும் இல்லை. கல்லாட்டம் இருக்கிறேன். திட்டு வேண்டும் என்றாயே, வாங்கிக்கொள்.

கண்ணையனாம் கண்ணையன். மாமன் என்ன பஸ்ஸா, இது போனால் அடுத்தது என்று ஏறிக்கொள்ள? அன்றைக்குப் பந்தலையே பிரித்தவள் நான். சமைத்த சோறு அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டுக் கமலியோடு எழுந்து வந்தேன். நீ அங்கே இருந்துகொண்டு கண்ணையனைக் கைகாட்டுகிறாய். அப்படியென்றால் நான் இரண்டு வருடமாக யாருக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன்?

பேச்சு வருமாம். வரட்டும். உன் மாமியார் வீட்டிலா வரப்போகிறது? என் மாமியார் வீட்டில்தானே வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் ஒன்பது வருடமாக நான் கேட்காத பேச்சா?

கமலி பன்னிரண்டு கிலோ. ரேஷன் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தேன். எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பிலிப்பைன்ஸ் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். அவனுக்குப் பாவம் பார்க்க வேண்டாம்.

சிந்தாமணி


திருமானூர்
5.7.2024

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. பஞ்சநாதன் மனைவியிடம் விசாரித்து, நீ நலம் என்று தெரிந்துகொண்டேன். நாங்களும் நலம்.

தேதி குறித்தாயிற்று. ஆவணி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை. பத்திரிகையில் 'தாய்மாமன் திருமுருகன் மடியில்' என்று போடச் சொல்லிவிட்டேன். அச்சடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் கொடுத்துவிட்டேன். கண்ணையனுக்கும் நானே கையால் ஒன்று கொடுத்தேன்.

இதற்குப் பதில் எழுதாதே. வா.

சிந்தாமணி


பெரம்பலூர்
22.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முத்திரையைத் தேடாதே. இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, பஞ்சநாதன் அண்ணன் கையில் வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் வந்து பத்து நாள் ஆகிறது. பெரம்பலூரில் அவருடைய தங்கை வீட்டில் இருக்கிறேன். உன் ஊருக்கு இரண்டு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்ததற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் இதை முழுக்கப் படி.

எனக்கு வலது கால் இல்லை அக்கா. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் கடிதம் எழுதியபோதே இல்லை. பாதம் நசுங்கிவிட்டது, வைத்திருந்தால் விஷம் ஏறும் என்றார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது கட்டைக்கால் போட்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் நடக்கிறேன்.

உன்னிடம் பொய் சொன்னேனா என்று பலமுறை யோசித்தேன். கட்டு இருக்கிறது என்றேன், இருந்தது. ஊன்ற முடியவில்லை என்றேன், முடியவில்லை. இடது அளவிலேயே இரண்டையும் தைக்கச் சொன்னதும் நிஜம்தான், கட்டைக்காலை இந்தக் காலுக்கு ஜோடியாகத்தான் செய்வார்கள். ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. 'கால் போச்சு' என்று ஒரு தாளில் எழுதி, அதை நீ தனியாக மாட்டுக் கொட்டகையில் நின்று படிப்பதை நினைத்தால் பேனா ஓடாது. நின்றுகொண்டு உன் முன்னால் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

இங்கே தினமும் காலையில் பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறேன். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று. பிறகு வந்து தரையில் பாய் போட்டு உட்காருவேன். பன்னிரண்டு கிலோ அரிசியைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருப்பேன். யார் கையும் பிடிக்காமல் எழுந்திருப்பேன். முந்தாநாள்தான் முதல் தடவையாகத் தடுமாறாமல் எழுந்தேன். பஞ்சநாதன் அண்ணன் தங்கை கைதட்டினார்கள்.

எனக்கு வெட்கம் இல்லை. அந்தச் சக்கரத்துக்கு நான் ஒரு காலைத்தான் கொடுப்பேன், மற்றதெல்லாம் என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இது கமலியின் விசேஷம். கால் இல்லாதவன் மடியில் பிள்ளையா என்று உன் மாமியார் வீட்டில் மறித்தால், நான் கோயிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். பத்திரிகையில் என் பேர் இருக்கிறது, அது போதும். வரட்டுமா, வேண்டாமா? பஞ்சநாதன் அண்ணனிடம் பதில் கொடுத்தனுப்பு.

உன் தம்பி,
திருமுருகன்


திருமானூர்
24.8.2024

திருமுருகா,

எல்லோரும் நலம். பந்தல்கால் நட்டாயிற்று. பஞ்சநாதன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவர் கை கழுவுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எனக்குத் தெரியும்டா. பிப்ரவரியிலேயே தெரியும்.

உன் வலது கால் இடதைவிட அரை விரல் நீளம். ஆறாம் வகுப்பில் ஸ்கூல் ஷூ வாங்கப் போனபோது கடையையே இரண்டாக்கினாய். அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கடையிலும் வலது காலைத்தான் முதலில் நீட்டுவாய். அந்தத் திருமுருகன் 'இடது அளவிலேயே இரண்டையும் தை, சரியாக இருக்கும்' என்று எழுதுகிறான். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலது கால் இருக்கிறவன் அப்படி எழுத மாட்டான்.

மறுநாளே ஜெயங்கொண்டம் போனேன். பஞ்சநாதன் மனைவி முதலில் மழுப்பினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. முட்டிக்கு மேலயா, கீழயா?" என்றேன். "கீழதான்க்கா" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் கேட்டதைப் பஞ்சநாதனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் சோடா வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த ஒரு மாதம் உனக்கு எழுத முடியவில்லை. எழுதினாலும் திட்ட முடியவில்லை. நீயாகச் சொல்கிற வரைக்கும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். சொல்ல உனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கும் அவ்வளவுதான் ஆகும்.

என் மாமியாரிடம் ஆடி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "மூளிக்கால் மாமன் மடியில என் பேத்தியா!" என்று குதித்தார். நான் கமலியை இழுத்து அவர் மடியிலேயே உட்கார வைத்தேன். "இப்ப புள்ள எதுல உக்காந்துருக்கு, பாருங்க. தொடையிலதான? மடிக்குத் தொட வேணும். குத்துறது காதுல. இதுல பாதத்துக்கு என்ன சோலி? என் தம்பிக்கு ரெண்டு தொடையும் முழுசா இருக்கு" என்றேன். உன் மாமா இந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் அம்மாவைப் பார்த்து, "அவ சொல்றது சரிதானம்மா" என்றார். சொல்லிவிட்டு டிராக்டரைத் துடைக்கப் போய்விட்டார். மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஒந்தம்பிக்குத் தரையில ஒக்காரத் தோதுப்படுமா, பலக போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பலகை வேண்டாம் என்றேன். சரிதானே?

வெளியே நின்று பார்க்கிற பேச்சை இனி எடுக்காதே.

செருப்பு பஞ்சநாதனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜோடியாகத்தான் தைத்திருக்கிறேன். கட்டைக்காலும் கால்தான். தைக்கிறவரிடம் நல்ல கனமான லாரி டயராகப் பார்த்து அறுக்கச் சொன்னேன். டயர் உன்னை மிதித்தது ஒரு தடவை. நீ அதை ஆயுசுக்கும் மிதித்து நட.

வேட்டியைத் தழையக் கட்டி மறைத்துக்கொண்டு வராதே. மடித்துக் கட்டிக்கொண்டு வா. ஊர் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடட்டும், அப்புறம் பார்க்க மாட்டார்கள்.

காதுகுத்து ஏழரைக்கு. நீ ஆறு மணிக்கே வர வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயில் வரைக்கும் நடந்து வா. நான் எதிரே வந்து கையைப் பிடிக்க மாட்டேன். அம்மன் வாசலில் சூடத்தட்டோடு நிற்பேன். நீ ஏற்று. முதல் வார்த்தை நான்தான் பேசுவேன், குறுக்கே பேசாதே. இரண்டு வருடத்துத் திட்டைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அத்தனையையும் நீ நின்றுகொண்டேதான் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் செருப்பு.

உன் அக்கா,
சிந்தாமணி